டாலருக்குப் பெயர் கொடுத்த பள்ளத்தாக்கு

"டாலர் இன்னிக்கு எவ்வளவு மச்சி?"

நம்ம ஹாஸ்டல்ல ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது காதில் விழும் கேள்வி இது. மேல்படிப்புக்கு அப்ளை பண்றவனுக்கு ஒரு கவலை, ஆன்சைட் கனவு காண்பவனுக்கு ஒரு கணக்கு. சரி, ஒரு எதிர்க்கேள்வி. டாலர் என்ற சொல் எந்த ஊரிலிருந்து வந்தது?

பெரும்பாலும் "அமெரிக்கா" என்றுதான் பதில் வரும். உண்மையில் அது ஐரோப்பாவின் நடுவே, இன்றைய செக் குடியரசில், ஜெர்மன் எல்லையை ஒட்டிய மலைத்தொடரில் இருக்கும் ஒரு சின்ன ஊரின் பெயரிலிருந்து வந்தது. இன்று அந்த ஊரில் சில ஆயிரம் பேர்தான் வசிக்கிறார்கள். செக் மொழியில் யாகிமோவ். ஜெர்மன் மொழியில் யோவாக்கிம்ஸ்தால். அங்கே 1519, 1520 வாக்கில் அடிக்கப்பட்ட வெள்ளிக் காசுதான் யோவாக்கிம்ஸ்தாலர். அந்தக் காசின் கதையில் மெட்டலர்ஜி இருக்கு, மெக்கானிக்கல் இருக்கு, கெமிஸ்ட்ரி இருக்கு. கடைசியில் நாம எல்லாரும் யோசிக்க வேண்டிய ஒரு விஷயமும் இருக்கு. வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பெரிய வெள்ளிக் காசு எதற்கு?

பதினைந்தாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பெரிய வியாபாரத்துக்குத் தங்கக் காசு, சந்தையில் காய்கறி வாங்கச் சின்ன வெள்ளிக் காசு என்பதுதான் வழக்கம். ஜெர்மன் பேசும் நாடுகளில் அந்தத் தங்கக் காசுக்கு குல்டன் என்று பெயர். வியாபாரம் பெருகப் பெருகத் தங்கம் போதவில்லை. சின்ன வெள்ளிக் காசுகளை எண்ணிக் கொடுத்துப் பெரிய கணக்கை முடிக்கவும் முடியாது. லட்ச ரூபாய் பைக்கை ஐந்து ரூபாய் நாணயங்களாகக் கொடுத்து வாங்குவது மாதிரி.

ஆனால் மலைகளில் வெள்ளி கிடைத்துக்கொண்டிருந்தது. ஆல்ப்ஸ் மலையில் டிரோல் நாட்டை ஆண்ட சிகிஸ்முண்ட் என்ற பிரபுவிடம் ஷ்வாட்ஸ் வெள்ளிச் சுரங்கம் இருந்தது. அவர் 1486-ல் ஹால் என்ற ஊரில் இருந்த தன் நாணயச்சாலையில் ஏறத்தாழ 32 கிராம் எடையுள்ள ஒரு பெரிய வெள்ளிக் காசை அடித்தார். அன்று ஒரு கிராம் தங்கத்துக்கு ஏறத்தாழ 11, 12 கிராம் வெள்ளி சமம். அந்த விகிதத்தில், ஒரு தங்க குல்டனுக்கு ஈடான வெள்ளி முழுவதும் இந்த ஒரே காசுக்குள் இருந்தது. அதனால் அதற்கு குல்டினர் என்று பெயர் வந்தது. குறைவாகவே அடிக்கப்பட்டதால், இன்று சேகரிப்பாளர்கள் தேடி அலையும் அரிய காசுகளில் அதுவும் ஒன்று.

யோசனை சிகிஸ்முண்டுடையது. அதை ஐரோப்பா முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது வேறொரு மலை.

வெள்ளி கிடைத்த பள்ளத்தாக்கு

செக் குடியரசுக்கும் ஜெர்மனியின் சாக்சனிக்கும் நடுவே ஓடும் மலைத்தொடருக்கு ஜெர்மன் மொழியில் "தாது மலை" என்றே பெயர். சாக்சனிப் பக்கம் ஏற்கெனவே வெள்ளி கிடைத்துக்கொண்டிருந்தது. 1510-களில் பொஹீமியாப் பக்கத்திலும் வெள்ளி தென்பட்டது. அந்த நிலம் ஸ்டெஃபான் ஷ்லிக் என்ற பிரபுவுக்கும் அவர் சகோதரர்களுக்கும் சொந்தம். 1516-ல் அங்கே அவர் ஓர் ஊரை நிறுவினார்.

ஊருக்குப் பெயர் வைத்ததில் ஒரு சுவாரசியம் உண்டு. மலைக்கு அந்தப் பக்கம் இருந்த வெள்ளி ஊரின் பெயர் அன்னாபெர்க், அதாவது புனித அன்னாவின் மலை. அன்னா என்பவர் ஏசுவின் தாய் மரியாளின் தாய். அன்னாவின் கணவர் யோவாக்கிம். நம்ம ஊர் கத்தோலிக்கர்கள் சுவக்கின் என்று சொல்லும் அதே புனிதர். அந்தப் பக்கம் மனைவி பெயர் என்றால் இந்தப் பக்கம் கணவர் பெயர் இருக்கட்டும் என்பதுபோல், புது ஊர் யோவாக்கிம்ஸ்தால் ஆயிற்று. 'தால்' என்றால் பள்ளத்தாக்கு.

அதற்குப் பிறகு நடந்ததை ஐ.டி. கம்பெனி வந்த பிறகு ஒரு கிராமம் மாறுவதோடு ஒப்பிடலாம். இருபது ஆண்டுக்குள் அங்கே ஏறத்தாழ 18 ஆயிரம் பேர் குடியேறிவிட்டார்கள். பொஹீமியாவில் பிராக் நகருக்கு அடுத்த பெரிய ஊர்களில் ஒன்றாகிவிட்டது. வெள்ளியை உருக்கி விற்பதைவிடக் காசாக அடித்து விற்றால் லாபம் அதிகம் என்று ஷ்லிக் கணக்குப் போட்டார். முறையான அனுமதி வருவதற்கு முன்பே அடிக்கத் தொடங்கியும் விட்டார். 1520 ஜனவரியில் பொஹீமிய மன்றம் அந்த உரிமையை அவருக்கு வழங்கியது.

காசின் இரண்டு முகங்கள்

அந்தக் காசு ஏறத்தாழ 40 மி.மீ. விட்டமும் 29 கிராமுக்குச் சற்று அதிகமான எடையும் கொண்டது. ஒரு பக்கத்தில் கையில் கோலுடன் புனித யோவாக்கிம் நிற்கிறார், கூடவே ஷ்லிக் குடும்பத்தின் சின்னம். சுற்றிலும் ஸ்டெஃபான், அவர் சகோதரர்கள் பெயரைச் சுருக்கிச் சொல்லும் லத்தீன் எழுத்துகள். மறுபக்கத்தில் பொஹீமியாவின் இரட்டை வால் சிங்கம். அதைச் சுற்றி "லுடோவிகஸ், முதலாமவர், பொஹீமிய அரசர்" என்ற பொருளில் எழுத்துகள்.

அந்த லுடோவிகஸ்தான் லூயி மன்னர். ஹங்கேரிக்கும் அவரே அரசர். அங்கே அவர் இரண்டாம் லூயி. 1526 ஆகஸ்ட் 29 அன்று ஹங்கேரியில் மொஹாச் என்ற இடத்தில் ஓட்டோமான் படையோடு நடந்த போரில் தோற்று, தப்பி ஓடும்போது ஓர் ஓடையில் மூழ்கி இறந்தார். வயது 20. அவருக்காகப் படை திரட்டிக்கொண்டு போன ஸ்டெஃபான் ஷ்லிக்கும் அதே போரோடு மறைந்தார். காசின் முன்னும் பின்னும் யார் பெயர் இருந்ததோ, அந்த இரண்டு பேர் கதையும் ஒரே போரில் முடிந்துவிட்டது. இரண்டே ஆண்டில், 1528-ல், அடுத்து வந்த மன்னர் ஃபெர்டினாண்ட் ஷ்லிக் குடும்பத்திடமிருந்து நாணய உரிமையை எடுத்துக்கொண்டார்.

ஆக, ஷ்லிக் பெயரில் இந்தக் காசு வெளிவந்தது பத்து ஆண்டுக்கும் குறைவான காலம்தான். பெருமளவில் அடித்தும் இன்று இவை அரிதாக இருப்பதற்கு ஒரு எளிய காரணம் உண்டு. அது நல்ல வெள்ளி. நல்ல வெள்ளியை யாரும் சும்மா வைத்திருக்க மாட்டார்கள். அடுத்தடுத்து வந்த ஆட்சிகள் பழைய காசை உருக்கித் தங்கள் பெயரில் புதுக் காசாக அடித்துக்கொண்டன. தரம் குறைந்திருந்தால் ஒருவேளை இன்னும் நிறையத் தப்பியிருக்கும்!

பாறையிலிருந்து காசு வரை

இனி நம்ம சப்ஜெக்ட். மெஷின் ஷாப் இல்லாத காலத்தில் இதை எப்படிச் செய்தார்கள்?

முதலில் தாதுவை உடைத்துக் கழுவிப் பிரிப்பார்கள். பிறகு ஈயத்தோடு சேர்த்து உருக்குவார்கள். உருகிய ஈயம் தாதுவில் இருக்கும் வெள்ளியைத் தன்னுள் இழுத்துக்கொள்ளும். அடுத்து அந்த ஈய வெள்ளிக் கலவையை எலும்புச் சாம்பல், மரச் சாம்பல் போன்றவை பூசிய ஆழமில்லாத உலைக்குழியில் வைத்து, துருத்தியால் காற்று ஊதிக் காய்ச்சுவார்கள். ஈயம் ஆக்சிஜனோடு சேர்ந்து ஆக்சைடாகும். சித்த மருத்துவத்தில் மிருதாரசிங்கி என்கிறார்களே, அதுதான் இது. அதில் ஒரு பகுதியை வழித்து எடுத்துவிடுவார்கள், மீதியைச் சாம்பல் உறிஞ்சிக்கொள்ளும். வெள்ளி அவ்வளவு எளிதில் ஆக்சைடாகாது. ஆகவே கடைசியில் குழியின் நடுவில் பளிச்சென்று வெள்ளி மட்டும் நிற்கும். நம்ம பொற்கொல்லர்கள் 'புடம் போடுவது' என்று சொல்வதும் இதே அடிப்படைதான்.

அப்புறம் கொஞ்சம் செம்பு சேர்ப்பார்கள், ஏனென்றால் சுத்த வெள்ளி மெத்தென்று இருக்கும், சீக்கிரம் தேய்ந்துபோகும். கலவையை வார்த்து, சுத்தியலால் தட்டித் தகடாக்குவார்கள். தட்டத் தட்ட உலோகம் கடினமாகிவிடும் (செகண்ட் இயர்ல படிச்ச வொர்க் ஹார்டனிங் ஞாபகம் இருக்கா?), அதனால் நடுநடுவே காய்ச்சி மென்மையாக்க வேண்டும், அதாவது அனீலிங். தகட்டிலிருந்து வட்ட வில்லைகள் வெட்டி, எடை பார்த்து, அதிகமிருந்தால் செதுக்கிச் சரிசெய்வார்கள்.

கடைசியில் அச்சு. கீழ் அச்சு மரக்கட்டையில் பதிக்கப்பட்டிருக்கும். அதன் மேல் வில்லையை வைத்து, மேல் அச்சைக் கையில் பிடித்துச் சம்மட்டியால் ஓங்கி அடிக்க வேண்டும். 20 மி.மீ. காசைவிட 40 மி.மீ. காசுக்குப் பரப்பு நான்கு மடங்கு. ஒரே அழுத்தம் கிடைக்க வேண்டுமென்றால் விசையும் நான்கு மடங்கு வேண்டும். ஆகவே பழைய தாலர்களில் ஒரு ஓரத்தில் எழுத்து மங்கலாகவோ, இரட்டையாகவோ இருந்தால் அது சம்மட்டி சரியாக விழாததன் அடையாளம். இந்தச் சிக்கல்தான் பின்னாளில் ஹால் நாணயச்சாலையில் நீர்ச்சக்கரத்தால் சுழலும் உருளை இயந்திரங்கள் வரக் காரணம்.

கொஞ்சம் கணக்கு போடலாமா?

யோவாக்கிம்ஸ்தாலரைப் பார்த்துப் பல நாடுகள் அதேபோல் அடிக்கத் தொடங்கின. ஆளாளுக்கு ஒரு எடை என்றால் குழப்பம்தானே? 1566-ல் ஜெர்மன் பேரரசு ஒரு தரக்குறியீடு வகுத்தது. அதன்படி அடித்த காசுக்கு ரைக்ஸ்தாலர், அதாவது பேரரசுத் தாலர் என்று பெயர்.

அன்றைய எடை அளவு கொலோன் மார்க். நம்ம கணக்கில் அது 233.856 கிராம். விதி ரொம்ப எளிது. செம்பு கலந்த ஒரு மார்க் உலோகத்தில் 8 காசு. ஒரு மார்க் சுத்த வெள்ளிக்கு 9 காசு.

ஒரு காசின் எடை: 233.856 ÷ 8 = 29.232 கிராம்
அதில் சுத்த வெள்ளி: 233.856 ÷ 9 = 25.984 கிராம்
நேர்த்தி: 8 ÷ 9 = 0.889

இந்தக் கலவையின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 10.3 கிராம். விட்டம் 40 மி.மீ. என்று வைத்துக்கொண்டு சராசரித் தடிமனைக் கண்டுபிடித்துப் பாருங்கள். 2 மி.மீ.க்குச் சற்று மேல் வரும்.

இந்த எண்களை நம்பித்தான் முன்பின் தெரியாத இரண்டு வியாபாரிகள் ஒரு மேசையில் உட்கார்ந்து பேச முடிந்தது. அந்த நம்பிக்கை உடைந்தபோது என்ன ஆனது என்பதற்கும் வரலாற்றில் பாடம் இருக்கிறது. 1619 முதல் 1623 வரை, முப்பதாண்டுப் போரின் தொடக்கத்தில், பணம் தேவைப்பட்ட ஆட்சியாளர்கள் சில்லறைக் காசுகளில் வெள்ளியைக் குறைத்துச் செம்பை ஏற்றினார்கள். நல்ல காசு பெட்டிக்குள் போய்விட்டது, கெட்ட காசு சந்தைக்கு வந்தது, விலைவாசி எகிறியது. கூலிக்காரர்கள்தான் அடிபட்டார்கள், ஏனென்றால் கூலி கெட்ட காசில்தானே வந்தது.

பெயர் போன வழி

யோவாக்கிம்ஸ்தாலர் என்று ஒவ்வொரு தடவையும் யார் சொல்லிக்கொண்டிருப்பார்கள்? மக்கள் சுருக்கினார்கள், தாலர் என்றார்கள். டச்சு மொழியில் டால்டர், டென்மார்க், சுவீடனில் டாலெர், இத்தாலியில் தல்லெரோ, ஆங்கிலத்தில் டாலர். அமெரிக்கக் குடியேற்றங்களில் அதிகம் புழங்கிய ஸ்பானிய எட்டு ரியால் வெள்ளிக் காசையும் ஆங்கிலேயர் டாலர் என்றே அழைத்தார்கள். சுதந்திரம் அடைந்த அமெரிக்கா 1785-ல் அந்தப் பெயரையே தன் பணத்துக்கு எடுத்துக்கொண்டது.

ரஷ்யர்கள் மட்டும் வேறு வழியில் சுருக்கினார்கள். எல்லோரும் 'பள்ளத்தாக்கு' என்ற பின்பாதியை எடுத்துக்கொள்ள, அவர்கள் யோவாக்கிம் என்ற முன்பாதியை எடுத்து யெஃபிமோக் என்றார்கள். 1655-ல் ரஷ்ய அரசு மேற்கிலிருந்து வந்த தாலர்கள் மீது தன் முத்திரையைக் குத்திப் புழக்கத்தில் விட்டது. அந்த முத்திரைத் தாலர்களும் இன்று அரிய காசுகள்.

நமக்குப் பக்கத்திலும் இந்தப் பெயர் வந்திருக்கிறது. ரைக்ஸ்தாலர் டச்சுக்காரர் வாயில் மாறி, ஆங்கிலத்தில் ரிக்ஸ்டாலர் ஆகி, டச்சு ஆட்சியிலும் தொடக்ககால ஆங்கிலேய ஆட்சியிலும் இலங்கையின் பணமாக இருந்தது. 1821-ல் இலங்கைக்கென்றே வெள்ளி ரிக்ஸ்டாலர் அடிக்கப்பட்டது.

ஊருக்கு வந்த டாக்டர்

இதுவரை காசின் பக்கம். இனி சுரங்கத்தின் பக்கம் போவோம்.

1527-ல் யோவாக்கிம்ஸ்தாலுக்கு ஒரு மருத்துவர் வேலைக்கு வந்தார். பெயர் கியோர்க் அக்ரிகோலா. நோயாளிகளைப் பார்த்த நேரம் போக, சுரங்கத்திலும் உலைக்களத்திலும் சுற்றி, எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டு எழுதி வைத்தார். அப்படித் தொடங்கிய வேலை 'டி ரே மெட்டாலிகா' என்ற பெரும் நூலாக, அவர் இறந்த மறு ஆண்டு, 1556-ல் வெளிவந்தது. நீர் இறைக்கும் பம்புகள், இரு திசையிலும் சுழலும் நீர்ச்சக்கரங்கள், காற்று செலுத்தும் துருத்திகள் எல்லாம் அதில் படங்களோடு விளக்கப்பட்டிருக்கின்றன. 1912-ல் அதை ஆங்கிலத்தில் கொண்டுவந்தவர்கள் ஹெர்பர்ட் ஹூவரும் அவர் மனைவி லூ ஹென்றி ஹூவரும். ஹெர்பர்ட் ஒரு சுரங்கப் பொறியாளர். பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதி.

அக்ரிகோலா இயந்திரங்களோடு நிறுத்திக்கொள்ளவில்லை. உலர்ந்த சுரங்கங்களில் எழும் தூசி மூச்சுக்குழல் வழியாகப் போய் நுரையீரலை அரிக்கிறது என்று எழுதினார். கார்ப்பதிய மலைச் சுரங்கப் பகுதியில் ஏழு கணவர்களை இப்படிப் பறிகொடுத்த பெண்கள் இருக்கிறார்கள் என்றும் எழுதினார். முகத்தில் துணி கட்டிக்கொள்ளுங்கள், காற்றோட்டம் ஏற்படுத்துங்கள் என்று வழியும் சொன்னார். ஆண்டு 1556! ஆனால் அந்தத் தூசியோடு சேர்ந்து வேறென்ன மூச்சில் போகிறது என்று அறிய அவருக்கும் வழியில்லை.

தூக்கி எறிந்த கறுப்புக் கல்

அந்தச் சுரங்கங்களில் வெள்ளியோடு கூடவே சில 'கெட்ட' தாதுக்களும் வரும். வெள்ளி போலவோ செம்பு போலவோ தெரியும், உருக்கினால் ஒன்றும் தேறாது, நச்சுப் புகைதான் மிஞ்சும். சுரங்கத்துக் குட்டிச்சாத்தான் செய்த வேலை என்று நினைத்த தொழிலாளர்கள் அதன் பெயரையே அந்தக் கற்களுக்கு வைத்தார்கள். கோபால்ட், நிக்கல் என்று இன்று நாம் சொல்லும் தனிமங்களின் பெயர்கள் அப்படி வந்தவைதான்.

இன்னொரு கல், கறுப்பாக, கீல் போலப் பளபளப்பாக, எடை அதிகமாக இருக்கும். அதற்குப் பெயர் பெக்பிளெண்ட். ஜெர்மன் மொழியில் 'பெக்' என்றால் கீல், துரதிர்ஷ்டம் என்ற பொருளும் உண்டு. ஒன்றுக்கும் உதவாத கல் என்று குவித்துப்போட்டார்கள்.

1789-ல் மார்ட்டின் கிளாப்ரோத் என்ற வேதியியலாளர் இந்தக் கறுப்புக் கல்லில் யுரேனியத்தைக் கண்டுபிடித்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் யோவாக்கிம்ஸ்தாலில் அதை எடுத்துக் கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் மஞ்சள் நிறம் கொடுக்கப் பயன்படுத்தினார்கள். யுரேனியம் எடுத்தபின் மிஞ்சிய பழுப்பு மண்ணைப் பைன் காட்டில் கொட்டினார்கள். மேரி கியூரியும் பியர் கியூரியும் கேட்டு வாங்கியது அந்தக் குப்பையைத்தான். பைன் ஊசியிலைகள் கலந்தபடியே மூட்டை மூட்டையாகப் பாரிசுக்கு வந்தது. டன் கணக்கில் காய்ச்சி வடித்து, 1902-ல் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு ரேடியம் குளோரைடைப் பிரித்தெடுத்தார் மேரி.

அந்த ரேடியம் சிதையும்போது ரேடான் என்ற வாயு வெளிவரும். நிறமில்லை, வாசனையில்லை. காற்றோட்டமில்லாத சுரங்கத்தில் தங்கி, மூச்சில் போய், நுரையீரலில் புற்றுநோயை உண்டாக்கும். மலைக்கு அந்தப் பக்கம் இருந்த ஷ்னீபெர்க் சுரங்கத் தொழிலாளர்கள் பெரும்பாலோர் நுரையீரல் புற்றால் இறக்கிறார்கள் என்று ஹார்ட்டிங், ஹெஸ்ஸ என்ற இரண்டு மருத்துவர்கள் 1879-ல் எடுத்துச் சொன்னார்கள். ரேடான் கண்டுபிடிக்கப்படுவதற்கு இருபது ஆண்டு முன்பு! அப்போதும் கதை முடியவில்லை. 1948-க்குப் பிறகு செக்கோஸ்லோவாக்கியாவின் கம்யூனிஸ்ட் அரசு, தன் அரசியல் எதிரிகளைக் கைதிகளாக இதே சுரங்கங்களில் இறக்கி, சோவியத் யூனியனுக்காக யுரேனியம் தோண்ட வைத்தது.

நமக்கு என்ன?

ஒரு காசில் 25.984 கிராம் வெள்ளி இருக்க வேண்டும் என்று மூன்று தசமத் துல்லியத்துக்குக் கணக்குப் போடக்கூடிய விதியை வகுத்தார்கள். அதே மலையில் இறங்கியவன் மூச்சில் என்ன போகிறது என்பதை அளக்க முந்நூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. ரேடானைப் பொறுத்தவரை அது அறியாமை. அன்று கருவியே இல்லை. ஆனால் தூசி கொல்கிறது என்று அக்ரிகோலா 1556-லேயே எழுதிவிட்டார். அது தெரிந்த பிறகும் சுரங்கம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதை அறியாமை என்று சொல்ல முடியாது.

நாளைக்கு நம்மில் ஒருத்தர் ஏதாவது ஒரு பிளாண்டில் உட்காரப் போறோம். யீல்டு எவ்வளவு, பியூரிட்டி எவ்வளவு என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். வேஸ்ட் எங்கே போகிறது, அந்த ஷெட்டுக்குள் நிற்பவர் எதை மூச்சில் இழுக்கிறார் என்று யாரும் கேட்காமல் போகலாம். அக்ரிகோலாவையும் யாரும் கேட்கவில்லை. அவராகத்தான் எழுதினார்.

யாகிமோவின் பழைய நாணயச்சாலை இப்போது ஓர் அருங்காட்சியகம். அந்த மலைச் சுரங்கப் பகுதி 2019-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அடுத்த தடவை யாராவது "டாலர் இன்னிக்கு எவ்வளவு?" என்று கேட்டால், ரேட்டைச் சொல்லுங்கள். நேரமிருந்தால் அந்தப் பள்ளத்தாக்கின் கதையையும் சொல்லுங்கள்.